மலை ரயிலில் வண்டியின் பெயரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அரையாண்டு விடுமுறையில் ஒரு வாரம் கிடைக்கிறதாம். அவர், மனைவி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், எழுபதை நெருங்கும் அப்பா அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி. மலை வழியாகப் போகும் ரயில் பயணங்களாகவே அந்த வாரத்தைக் கழிக்க ஆசை. ஊட்டி, செங்கோட்டை–புனலூர், மங்களூர் பக்கத்தில் இருக்கும் சக்லேஷ்பூர் மலைப்பாதை மூன்றும் மனதில் இருக்கின்றன. எதை எந்த வரிசையில் வைப்பது, எந்தப் பக்க ஜன்னல், கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்பது கேள்வி.

முதலில் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டைப் பாதை அகலப் பாதையாகித் திறந்த புதிதில், சென்னையில் மாலையில் ஏறி, காலையில் கொல்லத்தில் இறங்கும் ரயிலில் ஆசை ஆசையாக டிக்கெட் எடுத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் "மலை வந்தா எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கினேன். கண் விழித்தபோது வெளியே ரப்பர் மரங்களும் ஓட்டு வீடுகளும் ஓடிக்கொண்டிருந்தன. "மலை எப்போ சார் வரும்?" என்றேன். "அது போயே போச்சு, இருட்டுல எழுப்பி என்ன பண்றது" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வண்டி மலையின் பெரும்பகுதியை விடிவதற்குள் தாண்டிவிடுகிறது. கால அட்டவணையில் செங்கோட்டைக்கு எதிரே போட்டிருந்த மணியைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தது என் தவறு.

அன்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒவ்வொரு மலைப்பாதைக்கும் இரண்டு பக்கமும் அடிவார நிலையம் போல ஒரு நிலையம் இருக்கும். செங்கோட்டை–புனலூர் ஒரு ஜோடி. சுப்ரமண்யா ரோடு–சக்லேஷ்பூர் இன்னொரு ஜோடி. ரயில் எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்பதை மறந்துவிட்டு, இந்த இரண்டு நிலையங்களிலும் அது எத்தனை மணிக்கு நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டும் பகலில் விழுந்தால்தான் அது உங்களுக்கான ரயில். டிசம்பர் கடைசியில் நம் பக்கம் சூரியன் மறைவது ஆறு மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில். ஆனால் மலைக்குள் அந்தக் கணக்கு செல்லாது. மேற்கே ஒரு சிகரம் மறைத்தால் ஐந்து மணிக்கே பள்ளத்தாக்கில் நிழல் விழுந்துவிடும். அதனால் மலையை விட்டு வெளியே வரும் நேரம் மாலை 5 மணிக்குள் இருக்கட்டும். அப்புறம், வண்டி தாமதமாவதும் உண்டே. ரயில்வேயின் நேரம் காட்டும் செயலியில் அதே வண்டி அந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு வாரம் தினமும் எட்டிப் பாருங்கள். வழக்கமாக ஒன்றரை மணி நேரம் தாமதமாகிற வண்டி என்றால், அட்டவணையில் பகலாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் நல்ல உதாரணம். ஆரியங்காவு பக்கத்தில் இருக்கும் அருவியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடும் அந்த வண்டி, போகும்போதும் வரும்போதும் மலையை நள்ளிரவை ஒட்டித்தான் கடக்கிறது. பெயரில் இருக்கும் அருவி தூங்கும் நேரம் அது.

சரி, உங்கள் வாரத்துக்கு வருவோம். மூன்றையும் ஒரே வாரத்தில் செருக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கணக்குப் போட்டால் செருகலாம். ஆனால் முழங்கால் வலிக்காரரை ஏழு நாளில் ஆறு ரயில் ஏற்றி இறக்கினால், கடைசி நாள் அவர் எந்த மலையையும் பார்க்க மாட்டார், கடிகாரத்தைத்தான் பார்ப்பார். டிசம்பரில் ஊட்டியை விட்டுவிடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன். செங்கோட்டை வழியாகக் கொல்லம், அங்கிருந்து மங்களூர், மங்களூரிலிருந்து மலை ஏறி பெங்களூரு, பிறகு வீடு. இது ஒரு வட்டமாக வருகிறது. போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

முதல் நாள், மதுரையில் முற்பகலில் கிளம்பி குருவாயூர் வரை போகும் ரயில். விருதுநகர், ராஜபாளையம், தென்காசி வழியாக வந்து, பிற்பகல் மூன்றை ஒட்டிச் செங்கோட்டையைத் தொடும். ராஜபாளையத்திலிருந்தே வலது ஜன்னல்காரருக்கு மலை கூடவே வரும். பலர் இதைக் கவனிக்காமல் "மலை எப்போ வரும்" என்று செங்கோட்டைக்காகக் காத்திருப்பார்கள். மலைக்குள் போய்விட்டால் மலை தெரியாது, மரம்தான் தெரியும். மலையை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் சமவெளியிலிருந்து பார்ப்பதுதான் அழகு. ராஜபாளையம்–தென்காசி ஓட்டத்தை அதற்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டையில் வண்டி கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பின்னால் ஒரு இன்ஜினைக் கோக்கிறார்கள். இதைத்தான் பேங்கர் என்பார்கள். ஏற்றத்தில் முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ளும். உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு கடைசிப் பெட்டிப் பக்கம் போய் அதைப் பார்த்துவிட்டு வரலாம், நேரம் இருக்கும். ஆனால் சிக்னலில் ஒரு கண் இருக்கட்டும்.

பகவதிபுரம்தான் தமிழ்நாட்டின் கடைசி நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு நீளமான குகை. உள்ளே நுழையும்போது இந்தப் பக்கம் தென்னையும் வயலும் திறந்த வானமும். வெளியே வரும்போது கேரளம், ஆரியங்காவு. காற்றே மாறியிருக்கும். ஈர மண் வாசனையும், சேற்று நிறமும், ஜன்னலை உரசுகிற மாதிரி பச்சையும் வந்துவிடும். தென்மேற்குப் பருவமழையை மலை அந்தப் பக்கமே பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. நம் பக்கம் வருவது மிச்ச சாரல்தான், குற்றாலத்துக்குப் பேர் வாங்கித் தந்த சாரல். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் மழை மறைவுப் பகுதி என்று படித்ததை ஒரு குகையின் நீளத்தில் கண்ணால் பார்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பாதையை மற்ற இரண்டுக்கும் மேலே வைப்பேன். ஊட்டி ரயில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இது 1904இல் கொல்லத்திலிருந்து திறந்த மீட்டர் கேஜ் பாதை. திருவிதாங்கூரின் ஆரம்பகால ரயில் பாதைகளில் இதுவும் ஒன்று. 2010இல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தி, குகைகளை அகலப்படுத்தி, பாலங்களைப் பலப்படுத்தி, 2018இல்தான் முழுப் பாதையையும் அகலப் பாதையாகத் திறந்தார்கள். எட்டு வருஷம் செங்கோட்டைக்காரர்கள் கொல்லத்துக்குப் பஸ்ஸில் போனார்கள். நம் ஆட்கள் அதிகம் கேட்பது கழுதுருட்டிப் பக்கம் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தைப் பற்றி. கருங்கல் வளைவுகளும் கீழே நெடுஞ்சாலையுமாக, புகைப்படங்களில் எல்லாம் அதுதான் இருக்கும். ஆனால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். பாலத்தின் மேல் போகும் ரயிலிலிருந்து அந்தப் பாலம் தெரியாது. நீங்கள் நிற்பது அதன் தலையில். பதிமூன்று கண்களையும் எண்ணிப் பார்க்க ஆசை என்றால் ரயிலில் ஒரு தடவை, சாலையில் ஒரு தடவை என்று இரண்டு தடவை வர வேண்டும். உலகத்தில் இருக்கும் புகழ்பெற்ற ரயில் பாலங்கள் பலவற்றுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு.

வண்டி மெதுவாகத்தான் போகும். செங்கோட்டையிலிருந்து புனலூர் 50 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் இரண்டு மணி நேரம் எடுக்கும். அதற்காக அலுத்துக்கொள்ள வேண்டாம், நாம் போவதே அதற்காகத்தான். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 19ஆம் நூற்றாண்டுத் தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. அப்பாவும் மெதுவாக நடந்து பார்க்கலாம். ஆனால் அதே நாளில் இறங்கி ஏற வேண்டாம். அதே வண்டியில் கொல்லம் வரை போய்த் தங்குங்கள். அடுத்த நாள் ஓய்வு, அஷ்டமுடிக் காயலில் ஒரு படகு. அது போதும்.

இந்த மலையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால், மதுரைக்காரருக்கு இது ஒரு சனி ஞாயிறு வேலைதான். சனிக்கிழமை இப்படிப் போய் கொல்லத்தில் தங்கி, ஞாயிறு நண்பகல் வாக்கில் கொல்லத்தில் கிளம்பும் சென்னை எழும்பூர் வண்டியில் திரும்பலாம். எந்த வண்டி வரும்போது என்னை இருட்டில் ஏமாற்றியதோ, அதே வண்டி எதிர்த்திசையில் பட்டப்பகலில் மலை ஏறுகிறது. நான் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் இருட்டு என்றால் மறுபக்கத்திலிருந்து தேடு. கொல்லம் அந்த வண்டி கிளம்பும் இடம் என்பதால், கொஞ்சம் முன்னாலேயே போனால் முன்பதிவில்லாப் பெட்டியிலும் ஜன்னலோரம் கிடைக்க வழி உண்டு. வழியில் ஏதாவது நிலையத்தில் ஏறினால் அந்தப் பேச்சே கிடையாது.

கொல்லத்திலிருந்து மங்களூருக்கு இரவு ரயிலில் போங்கள். மாவேலி, மலபார் எல்லாம் சாயங்காலம் தாண்டிக் கொல்லத்தைத் தொட்டு மறுநாள் காலையில் மங்களூர் சேர்பவை. இரவுப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மலை இல்லாத இடத்துக்கு ஒதுக்குங்கள் என்கிறேன். பகல் வெளிச்சம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான், அதைச் செலவழிக்கும்போது கஞ்சத்தனம் வேண்டும்.

மங்களூரில் ஒரு விஷயம் கவனம். இரவு ரயில்கள் நிறைய மங்களூர் சென்ட்ரலில் முடியும். பெங்களூருவுக்குப் பகலில் போகும் வண்டி மங்களூர் ஜங்ஷனிலிருந்து கிளம்பும். இரண்டும் வேறு வேறு நிலையம். ஆட்டோவில் போகிற தூரம்தான் என்றாலும், தவறான இடத்தில் நின்றால் வண்டி காத்திருக்காது.

அந்தப் பகல் வண்டியின் பெயர் கோமடேஸ்வரா எக்ஸ்பிரஸ். மங்களூர் ஜங்ஷனிலிருந்து பெங்களூருவில் இருக்கும் யஷ்வந்த்பூர் நிலையம் வரை, வாரத்தில் மூன்று நாள்தான். முற்பகலில் கிளம்பி, பிற்பகலில் மலை ஏறி, இரவில் யஷ்வந்த்பூர் சேரும். உங்கள் வாரத்தின் முழுத் திட்டத்தையும் இந்த வண்டி ஓடும் நாளில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் அடுக்குங்கள். செங்கோட்டை வண்டி தினமும் உண்டு, அது எப்படியும் வளைந்து கொடுக்கும். சுப்ரமண்யா ரோட்டிலிருந்து சக்லேஷ்பூர் வரை 55 கிலோமீட்டர், 57 குகை, ஐம்பதடிக்கு ஓரடி ஏற்றம். இங்கேயும் பேங்கர் தள்ளும். எடகுமரி, கடகரவல்லி என்று நடுவில் இருக்கும் நிலையங்களில் ஊர் என்று ஒன்றும் கிடையாது. காட்டுக்கு நடுவே ஒரு நடைமேடையும் நாலைந்து ரயில்வே ஊழியர்களும்தான். முன்பெல்லாம் தண்டவாளத்திலேயே நடந்து மலையேற்றம் போவார்கள். இப்போது அதற்குத் தடை, மீறினால் வழக்கு. தயவுசெய்து பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இறங்கி நடக்க நினைக்காதீர்கள்.

உங்கள் அப்பா அம்மாவுக்குக் கோயில் ஆசை இருந்தால், மங்களூரில் தங்குவதற்குப் பதிலாகக் குக்கே சுப்ரமண்யாவில் ஒரு இரவு தங்கி, மறுநாள் சுப்ரமண்யா ரோட்டில் இதே வண்டியைப் பிடிக்கலாம். கோயில் நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ்ஸும் ஜீப்பும் ஓடும். முருகனையும் பார்த்தாயிற்று, மலை ஏறுவதற்கு முன் ஓய்வும் எடுத்தாயிற்று. ஆனால் டிக்கெட்டை மங்களூரிலிருந்தே எடுத்து, ஏறும் நிலையத்தை மட்டும் சுப்ரமண்யா ரோடாக மாற்றிவையுங்கள். மாற்றாமல் நடுவில் ஏறினால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தப் பாதைக்கு மழைக்காலம் ஆகாது. ஜூலை, ஆகஸ்டில் அருவிகள் ஜன்னலுக்கு வெளியே கொட்டும், பார்க்க அதுதான் உச்சம், உண்மை. ஆனால் அதே மழைதான் மண்ணையும் சரித்துத் தண்டவாளத்தில் போடுகிறது. 2018 ஆகஸ்டில் பல இடங்களில் சரிந்து, பாதை மாதக் கணக்கில் மூடிக் கிடந்தது. 2024 ஜூலையிலும் சரிவு. போதாததற்கு 2025இல் மின்மயமாக்கும் வேலைக்காக ஜூனிலிருந்து பல மாதம் பகல் ரயில்களை மட்டும் நிறுத்திவைத்தார்கள். இரவு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. நம் மாதிரி ஆளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், பச்சை போயிருக்காது, ஓடைகளில் தண்ணீரும் இருக்கும். உங்கள் டிசம்பர் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வண்டி ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரத்தானால் ரயில்வே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், ஓட்டல்காரர் கொடுக்க மாட்டார். அதனால் அறையை ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள்.

விஸ்டாடோமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோமடேஸ்வராவில் 2021 ஜூலையிலிருந்து அந்தப் பெட்டி இருக்கிறது. பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல், கூரையிலும் கண்ணாடி, சுழலும் நாற்காலி. கட்டணம் கூட. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது, அப்பாவுக்காக எடுத்துவிடுங்கள். ஜன்னல் சண்டை கிடையாது, நாற்காலியைத் திருப்பிக்கொள்ளலாம், எந்தப் பக்கம் பள்ளம் வந்தாலும் தெரியும். தனியாளாக, இளவட்டமாக இருந்தால் சாதாரண இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டியே மேல். விஸ்டாடோமில் ஜன்னல் திறக்காது. மலை என்பது பாதி பார்வை, பாதி வாசனையும் குளிரும். குகைக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கிற அந்த ஈரக் காற்றைக் கண்ணாடி உள்ளே விடாது. ஏசி சேர் காரில் காசைக் கொடுத்துக் கறை படிந்த ஜன்னல் வழியே மலை பார்ப்பதுதான் இரண்டிலும் சேராத மோசம்.

ஸ்லீப்பரில் போவதாக இருந்தால் சைடு லோயர் எடுங்கள். பகலில் அது எதிரெதிராக இரண்டு நாற்காலி, இரண்டுக்கும் ஜன்னல். மகளும் தாத்தாவும் உட்கார்ந்தால் அந்தக் காட்சியே தனி. எதிர்ப்பக்கம் இருக்கும் லோயரில் பகலில் மூன்று பேர் உட்காருவார்கள், ஜன்னலோரம் உங்களுக்குத்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

எந்தப் பக்கம் உட்காருவது என்று மலைப்பாதையில் ஒரே பதில் கிடையாது. பாதை வளைந்து வளைந்து ஏறுவதால் பள்ளம் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, தண்டவாளத்தை ஒட்டி ஆறு எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். ஆறு இருக்கும் பக்கம்தான் பள்ளம், பள்ளம் இருக்கும் பக்கம்தான் காட்சி. முந்தின நாள் ராத்திரி மகளையே இந்த வேலையில் உட்கார வையுங்கள், அடுத்த நாள் அவள் உங்களுக்கு வழிகாட்டி. ஒன்று மட்டும் கண்டிப்பாக, கதவோரம் நிற்க விடாதீர்கள். குகைச் சுவர் ரயிலுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது இருட்டில் தெரியாது.

பெங்களூருவில் இரவு தங்கி மறுநாள் மதியம் மதுரைக்கு வந்தே பாரத்தில் திரும்பலாம். அதில் மலை எதிர்பார்க்காதீர்கள், தூங்குங்கள்.

இனி ஊட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் கிட்டத்தட்ட, இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம். காலையில் ஏழு மணி தாண்டியதும் ஒரே ஒரு வண்டி மேலே போகிறது, மதியம் இரண்டு மணிக்கு அதே போல ஒன்று கீழே வருகிறது. 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்று பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி சொல்வார்கள். அதைவிடப் பார்க்க வேண்டியது தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்தண்டவாளம். கல்லாறு தாண்டியதும் ஆரம்பித்துக் குன்னூரில் முடியும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கடித்துக்கொண்டு ஏறும். இரண்டு வரிசைப் பற்கள், ஒன்றின் பல்லும் இன்னொன்றின் பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி வைத்திருப்பார்கள், எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார், இன்ஜின் ஊதும் சங்கைக் கேட்டு கையால் பிரேக் பிடிப்பார். இன்றைக்கும் அப்படித்தான். குன்னூர் வரை 1899இல் வந்த பாதை, ஊட்டி வரை போனது 1908இல். யுனெஸ்கோ பட்டியலில் 2005இல் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் செய்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களை வைத்து ஓட்டினார்கள். பின்னால் நம் பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்து அனுப்பினார்கள். திருச்சிக்காரர்கள் இதைச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

அப்படியானால் ஏன் டிசம்பரில் வேண்டாம் என்கிறேன்? வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து வண்டி ரத்தாவது வருஷா வருஷம் நடக்கிற கதை. அதுவும் நீங்கள் மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கிய பிறகு காலையில்தான் சில சமயம் தெரியும். இன்னொன்று கூட்டம். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. அரையாண்டு விடுமுறை, மே மாதம் இரண்டுக்கும் அந்த ஒரே வண்டிக்கு நிமிடக் கணக்கில் இடம் போய்விடும். ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போலக் கிடைப்பது அதிர்ஷ்டம். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு வாருங்கள். மழை கிடையாது, பனி விலகியதும் வானம் துடைத்தாற்போல இருக்கும், டிக்கெட்டுக்கும் இவ்வளவு அடிதடி இருக்காது. தளத்தில் தேடும்போது ஊட்டி என்று போடாமல் உதகமண்டலம் என்று போடுங்கள். முந்தின இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுவது நல்லது. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் கொண்டுவந்து சேர்த்துவிடும், மதுரையிலிருந்து அந்த வசதி கிடையாது.

அப்பாவை மனதில் வைத்து ஒரு எச்சரிக்கை. மலை ரயில் பெட்டிகளில் கழிவறை கிடையாது. நடுவில் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும்போதுதான் இறங்கிப் போக வேண்டும். அதோடு இருக்கைகள் நெருக்கம், முழங்காலை நீட்ட இடம் இருக்காது. முதல் வகுப்பு கிடைத்தால் நல்லது. ஏறும்போது அது முன்னால் இருக்கும், இன்ஜின் பின்னால் என்பதால் முன் கண்ணாடி வழியே வரப்போகும் பாதையே தெரியும். குன்னூர் வரை பெரும்பாலும் இடது பக்கம் பள்ளத்தாக்கு. குன்னூரில் வண்டி கொஞ்ச தூரம் திசை மாறிப் போய் மறுபடி ஏறும், அங்கே நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டமும் கேத்திப் பள்ளத்தாக்கும்.

ஐந்து மணி நேரம் அப்பாவுக்கு முடியாது என்று தோன்றினால், வெட்கப்படாமல் குன்னூர் வரை காரில் போங்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே பகலில் வேறு வண்டிகளும் ஓடுகின்றன, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பல்தண்டவாளப் பகுதி போய்விடும், அது இழப்புதான். ஆனால் அம்மாவும் மகளும் நீங்களும் முழு ரயிலில் வர, மனைவியும் அப்பாவும் காரில் வந்து குன்னூரில் ஏறிக்கொள்ளலாம். என் குடும்பத்தில் அப்படித்தான் செய்தோம். காரில் வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் வந்து, வர்க்கி வாங்கி வைத்திருந்தார்கள். சொந்தக் காரோ வாடகைக் காரோ, நீலகிரிக்குள் போக 2024 மே முதல் இ-பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள். ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம், மறந்துவிடாதீர்கள்.

ஹில்குரோவில் இறங்கும்போது மகளின் கையில் பிஸ்கட்டோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது. அங்கே குரங்குகள் ரயில் வரும் நேரம் தெரிந்துவைத்திருக்கின்றன.